அனுரோக்னாதஸ்: உள்ளங்கையில் அடங்கும் பறக்கும் ஊர்வன – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒரு ஞாயிறு காலை, பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பறவை, பூச்சி, கல் என்று பேசுவது என் வழக்கம். சென்ற சில மாதங்களாக ஒரே ஒரு சின்ன விலங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஜுராசிக் காலத்தில் வாழ்ந்த அனுரோக்னாதஸ். பிள்ளைகளும் அழைத்துப்போக வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

அனுரோக்னாதஸ் என்றால் என்ன?

டெரோசார் என்ற பறக்கும் ஊர்வனக் கூட்டத்தில் மிகச் சிறிய ஒன்று. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஜெர்மனியின் தெற்கே பவேரியா இருக்கும் இடத்தில் வாழ்ந்தது. தலையும் சேர்த்து உடம்பு 9 சென்டிமீட்டர். இறக்கையை முழுக்க விரித்தால் அரை மீட்டருக்குள். பேரினத்தின் பெயர் அனுரோக்னாதஸ், அதில் இருக்கும் ஒரே இனம் அனுரோக்னாதஸ் அம்மோனி.

பெரிய டெரோசார்களின் படங்கள்தான் எல்லோருக்கும் பழக்கம். ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நிற்கும் அந்த ராட்சசர்கள் வந்ததெல்லாம் பிற்காலத்தில், ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரிட்டேசியஸ் காலம் முடியும் சமயத்தில். எனக்கு இந்தச் சின்னதுதான் பிடித்திருக்கிறது. இதைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இரண்டே கல் மாதிரிகளிலிருந்து வந்தது. இரண்டு கல்லை வைத்துக்கொண்டு ஒரு உயிரை எந்த அளவுக்கு நேர்மையாகச் சொல்ல முடியும்? பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைத்தது அதைத்தான்.

இது டைனோசாரா?

இல்லை. டைனோசார்களுக்கு நெருங்கிய பங்காளி. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். இன்றைய பறவைகள் வந்தது டைனோசார் கிளையிலிருந்து, ஆகவே காக்கைக்கும் குருவிக்கும் டெரோசார் தாத்தா இல்லை. டெரோசார்களுக்கு வாரிசே கிடையாது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவோடு முழுக்கூட்டமும் போய்விட்டது.

அப்புறம் எப்படிப் பறந்தது? வௌவால் மாதிரியா?

கையை நீட்டுங்கள், சொல்கிறேன். வௌவாலின் இறக்கைத் தோலைக் கட்டைவிரல் தவிர்த்த நான்கு விரல்கள் தாங்குகின்றன, குடைக்கம்பி மாதிரி. பறவைக்கு விரல்கள் சுருங்கி ஒட்டிப்போய், இறகுதான் வேலை செய்கிறது. டெரோசாருக்கு ஒரே ஒரு விரல், நான்காவது விரல். நம் கையில் மோதிர விரல் இருக்கும் இடம். அந்த விரல் மட்டும் முழங்கையையும் தாண்டிப் போகும் அளவுக்கு நீண்டு வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியிலிருந்து உடம்பின் பக்கவாட்டு வரைக்கும் தோல் விரிந்திருக்கும். மற்ற மூன்று விரல்களும் சின்னதாக, நகத்தோடு, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். சுண்டுவிரல் அதற்குக் கிடையாது.

ஒரு விரலில் மட்டும் தொங்கினால் தோல் படபடவென்று அடித்துக்கொள்ளாதா என்று ஒரு அப்பா கேட்டார். படகுக்குப் பாய் கட்டியவர் அவர், அதனால் கேட்கத் தோன்றியிருக்கிறது. நல்ல கேள்வி. அந்தத் தோலுக்குள் மெல்லிய நார்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. பாய்த்துணிக்குள் மூங்கில் சிம்பு வைத்துத் தைத்த மாதிரி, அவை தோலுக்கு விறைப்புக் கொடுக்கின்றன. மணிக்கட்டிலிருந்து உள்நோக்கி ஒரு குச்சி எலும்பும் உண்டு. கழுத்துக்கும் கைக்கும் நடுவே இருக்கும் முன்தோலை இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. டெரோசார் தவிர வேறெந்த விலங்குக்கும் அந்த எலும்பு கிடையாது.

யார் கண்டுபிடித்தது?

பெயர் வைத்தவர் லுட்விக் டோடர்லைன் என்ற ஜெர்மன் விலங்கியலாளர், ஆண்டு 1923. கல் அதற்கு முன்பு லுட்விக் ஃபான் அம்மோன் என்ற பவேரிய நிலவியலாளரின் சேகரிப்பில் இருந்தது. 'அம்மோனி' என்ற பின்பெயர் அவரைக் குறிப்பது.

டோடர்லைனின் கதை எனக்கு நெருக்கமானது. இளவயதில் ஜப்பானுக்குப் போய் இரண்டு வருடம் வேலை பார்த்துக்கொண்டே கடல் உயிர்களைச் சேகரித்தவர். பின்னால் ஸ்ட்ராஸ்பூர்க் அருங்காட்சியகத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். முதல் உலகப் போர் முடிந்து அந்த ஊர் பிரான்சின் கைக்குப் போனதும் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. சேகரிப்பு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு ஊர் கொடி மாறினால் அங்கே இருப்பவர்கள் வாழ்க்கை என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மியூனிக் வந்து சேர்ந்த அந்த மனிதர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு சின்னக் கல்லை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து, புதிய உயிர் ஒன்றை உலகத்துக்குச் சொன்னார்.

அந்தக் கல் இன்றும் மியூனிக்கில்தான் இருக்கிறது. அதே நகரத்து அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்பைனோசாரஸ் என்ற பெரிய டைனோசாரின் எலும்புகள் 1944 ஏப்ரல் குண்டுவீச்சில் அழிந்துபோயின. அவ்வளவு பெரிய விலங்கின் எலும்பு போய்விட்டது, இந்த விரல் நீள விலங்கு தப்பித்துவிட்டது.

பெயருக்கு என்ன பொருள்?

கிரேக்கச் சொற்கள். 'அன்' என்றால் இல்லாத, 'ஊரா' வால், 'க்னாதோஸ்' தாடை. 'வாலில்லாத தாடை' என்று வரும். தவளைக் கூட்டத்துக்கும் விலங்கியலில் 'அனுரா' என்றே பெயர், அதற்கும் வால் இல்லாததால். முகத்தைப் பார்த்தால் 'தவளைத் தாடை' என்று படித்தாலும் பொருந்தும். உண்மையில் வால் இருக்கிறது, மிகக் குட்டையாக. அந்தக் காலத்து டெரோசார்களில் பலவற்றுக்கும் நீண்ட, விறைத்த வால் இருந்ததால் இது வாலில்லாதது போலத் தெரிந்தது.

அந்தக் கல் அப்படி என்ன விசேஷம்?

பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊர்ப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜுராசிக் கடைசியில் அந்தப் பகுதி வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். நடுநடுவே தீவுகள், பவளத்திட்டுகள், அவற்றுக்கிடையே தேங்கிய காயல்கள். வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும், மரக்காணம் உப்பளப் பாத்தியில் ஏறுவது போல. கனமான உப்புநீர் அடியில் தங்கிவிடும். அங்கே பிராணவாயு மிகக் குறைவு, ஆகவே நண்டு, புழு எதுவும் வாழாது. பிச்சாவரம் சேற்றில் ஒரு செத்த குருவி விழுந்தால் மறுநாள் காலைக்குள் நண்டுகள் தின்று தீர்த்துவிடும். சோல்ன்ஹோஃபன் காயலில் விழுந்தது அப்படியே கிடந்தது. மேலே மாவு போல மெல்லிய சுண்ணாம்புச் சேறு படிந்து படிந்து கல்லானது.

எவ்வளவு மெல்லிய சேறு என்றால், தும்பியின் இறக்கை நரம்புகூட அதில் பதிந்திருக்கிறது. இறகோடு கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை வந்ததும் இந்தக் கல்லிலிருந்துதான். டெரோசார் என்ற கூட்டமே முதலில் தெரியவந்தது இங்கேதான்: 1784இல் கொல்லினி என்பவர் ஒன்றை விவரித்தார். ஒரு காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேரிடம் செயலராக இருந்தவர் அவர். அந்த எலும்பை என்னவென்று அவரால் வகைப்படுத்த முடியவில்லை, கடல் விலங்காக இருக்கலாம் என்று எண்ணினார். அது பறக்கும் ஊர்வன என்று 1801இல் பாரிசிலிருந்து சொன்னவர் குவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர். 'சிறகு விரல்' என்று பொருள்படும் பெயரையும் 1809இல் அவரே வைத்தார்.

இந்தக் கல்லுக்கும் நம் வீட்டுச் சுவருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1796 வாக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தது சோல்ன்ஹோஃபன் கல்லில்தான். அத்தனை வழவழப்பான கல் வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம் ஜெர்மன் தொழில்நுட்பர்களை வைத்து இதே கல்லச்சு முறையில் படம் போட்டது. பாட்டி வீட்டில் தொங்கிய லட்சுமி, சரஸ்வதி படங்களின் பரம்பரை அதுதான். கல்லச்சுக்காகவும் கட்டடத்துக்காகவும் கையால் ஒவ்வொரு தகடாகப் பிரித்து வெட்டியதால்தான் இத்தனை புதைபடிவங்கள் தொழிலாளர்கள் கண்ணில் பட்டன. இயந்திரத்தால் உடைத்திருந்தால் அனுரோக்னாதஸ் சிமெண்டாகப் போயிருக்கும்.

ஏன் இரண்டே மாதிரிகள்?

அதே காயல்களில் ராம்ஃபோரிங்கஸ் என்ற இன்னொரு டெரோசார் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கிறது. அது மீன் தின்னி, தண்ணீருக்கு மேலேயே சுற்றியது. அனுரோக்னாதஸுக்குப் பூச்சிதான் உணவு, தண்ணீருக்கு மேல் அதற்கு வேலை இல்லை. தீவுக்குள் மரம் செடி ஓரமாகத்தான் இருந்திருக்கும். எப்போதாவது காற்று தள்ளிக்கொண்டு போய்க் காயலில் போட்டால்தான் கல்லாகும். எலும்போ ஈர்க்குச்சி போன்றது.

முதல் கல்லில் எலும்பே பெரும்பாலும் போய்விட்டது, அச்சு மட்டும் மிச்சம். பிள்ளைகளுக்கு இது புரிய, ஈரக் களிமண்ணில் ஒரு வேப்பங்குச்சியையும் ஒரு செத்த தட்டானையும் அழுத்தி எடுத்துக் காட்டினேன். குச்சியின் கணு தெளிவாக விழுந்தது. தட்டானின் இறக்கை பாதிதான் விழுந்தது, கால் ஒன்றுகூட இல்லை. "இதை மட்டும் பார்த்து எத்தனை கால் என்று சொல்லுங்கள்" என்றேன். டோடர்லைன் இருந்த நிலைமை கிட்டத்தட்ட அதுதான். இரண்டாவது மாதிரியை 2007இல் கிறிஸ்டோபர் பென்னெட் என்ற டெரோசார் ஆய்வாளர் விவரித்தார். அது இன்னும் சிறியது, முழு வளர்ச்சி அடையாத குட்டி. ஆனால் ஏறத்தாழ முழுமையாக இருந்தது, இறக்கைத் தோலின் சுவடும் தெரிந்தது.

இரண்டாவது கல்லால் என்ன மாறியது?

முகமே மாறியது! இது என் மனதுக்குப் பிடித்த பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

டெரோசார் மண்டையோட்டில் பக்கவாட்டில் சில ஓட்டைகள் உண்டு. ஒன்று கண்குழி. அதற்கு முன்னால், மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே, கனத்தைக் குறைக்கும் இன்னொரு பெரிய ஓட்டை. முதல் கல்லில் மண்டையோடு நசுங்கிக் கிடந்தது. அதில் தெரிந்த பெரிய வளையத்தைக் கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஓட்டை என்று எடுத்துக்கொண்டு, கண்ணை அதற்குப் பின்னால் வைத்து வரைந்தார்கள். பல வருடங்களுக்குப் புத்தகங்களில் அந்த முகம்தான் வந்தது.

இரண்டாவது கல்லைப் பார்த்ததும் தெரிந்தது: அந்தப் பெரிய வளையம்தான் கண்! முன்னால் இருக்க வேண்டிய ஓட்டை மிகச் சின்னதாக, மூக்கோரம் ஒடுங்கிக் கிடந்தது. மண்டையின் பக்கவாட்டில் பெரும்பகுதி கண்ணே. மூக்கு குட்டை, வாய் அகலம், கண்கள் ஓரளவு முன்னோக்கிப் பார்ப்பவை. தவளை முகம்.

கரும்பலகையில் இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஒரே எலும்புக்கு ரெண்டு முகமா சார்? அப்போ முன்னாடி வரைஞ்சவங்க பொய் சொன்னாங்களா?" என்று கேட்டாள். பொய் இல்லை. அவர்கள் கையில் இருந்த கல் அவ்வளவுதான் சொன்னது, தங்கள் படத்தை எதை வைத்து வரைந்தோம் என்பதையும் எழுதிவைத்தார்கள். எழுதிவைத்ததால்தான் பின்னால் வந்தவர் எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. வாலும் அப்படித்தான். வால் எலும்புகள் பறவைக்குப் போல ஒட்டிப்போனவை என்று டோடர்லைன் கருதினார். தனித்தனியாகத்தான் இருக்கின்றன என்று பின்னால் திருத்தப்பட்டது.

என்ன சாப்பிட்டது? எப்போது வேட்டையாடியது?

பூச்சி. பல் ஊசிமுனை போல, எண்ணிக்கையில் குறைவு, இடைவெளி விட்டு இருக்கும். மீனைக் கவ்வவோ இறைச்சியைக் கிழிக்கவோ ஏற்றதல்ல. அகன்ற வாய், பெரிய கண், குட்டை வாலோடு சட்டென்று திரும்பக்கூடிய உடம்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்தி மங்கலில் பறந்துகொண்டே பூச்சி பிடித்தது என்ற முடிவுக்கு வருகிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

பக்கி என்ற இரவுப் பறவையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இரவில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வழியாக வண்டியில் போனால், மண் சாலை நடுவே உட்கார்ந்திருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு கண்ணும் தணல் மாதிரி மின்னும், கிட்டே போனதும் சத்தமில்லாமல் எழும்பிவிடும். அலகு பார்ப்பதற்குச் சின்னது, வாயைத் திறந்தால் காது வரைக்கும் போகும். அனுரோக்னாதஸுக்கும் பக்கிக்கும் உறவு கிடையாது. ஒரே வேலையைச் செய்ததால் ஒரே மாதிரி முகம் வாய்த்தது, அவ்வளவுதான்.

முதல் மழை முடிந்த மாலையில் டியூப்லைட்டைச் சுற்றி வருமே, அந்த ஈசலைத் தின்றிருக்குமா என்று ஒரு பையன் கேட்டான். கறையான்களின் மிகப் பழைய படிவங்களே கிரிட்டேசியஸ் காலத்தவை, அனுரோக்னாதஸுக்குப் பிந்தியவை. ஆகவே ஈசலை நான் படத்தில் போட மாட்டேன். வண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சிகள் அந்தக் காயல் கல்லிலேயே இருக்கின்றன, அவற்றைப் போடலாம்.

எடை எவ்வளவு?

35 சென்டிமீட்டர் இறக்கை விரிவுள்ள மாதிரிக்கு 40 கிராம் என்று 2008இல் மார்க் விட்டன் என்ற டெரோசார் ஆய்வாளர் கணக்கிட்டார். நம் வேலியில் வந்து உட்காரும் சின்னான் குருவியின் எடை. சார்ட் அட்டையில் அசல் அளவுக்கு வெட்டி, நூலில் கட்டித் தொங்கவிட்டோம். மின்விசிறி போட்டதும் அது சுற்றிய சுற்றில் பிள்ளைகளுக்கு அளவு மனதில் பதிந்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்து சொன்னால் அப்படிப் பதியாது.

செதிலா, மயிரா?

மயிர் போன்ற மெல்லிய போர்வை. அனுரோக்னாதஸின் உறவினமான ஜெஹோலோப்டெரஸ் என்ற டெரோசாரைச் சீனாவின் உள்மங்கோலியாவிலிருந்து 2002இல் விவரித்தார்கள். அதன் உடம்பைச் சுற்றி இழை இழையாகப் போர்வை தெரிகிறது. 2018 கடைசியில் வெளியான ஆய்வு ஒன்று, இந்தக் குடும்பத்து டெரோசார்களின் இழைகளில் கிளைவிட்டவையும் உண்டு என்று காட்டியது. அவை இறகுக்குச் சொந்தமா இல்லையா என்ற வாக்குவாதம் சூடாகவே நடந்தது. எப்படியானாலும், வழுவழுப்பான பல்லித்தோலோடு வரும் பொம்மைகளை வாங்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். நிறத்தைக் கல் சொல்லவில்லை, ஆகவே அதைப் பிள்ளைகளிடம் விட்டேன். பலரும் பக்கியின் சருகு நிறத்தையே தீட்டினார்கள்.

கடலூரில், புதுச்சேரியில் தோண்டினால் கிடைக்குமா?

கிடைக்காது. இங்கே தரைக்கு மேல் தெரியும் படிவுப்பாறைகள் எல்லாம் அதைவிட இளையவை. ஜுராசிக்கில் இந்தக் கடற்கரையே இல்லை. வங்கக் கடலும் பிறக்கவில்லை. நம் நிலம் அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டு தெற்கே எங்கேயோ கிடந்தது.

இந்தியாவில் ஜுராசிக் விலங்கு வேண்டுமென்றால் கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவுகளுக்குப் போக வேண்டும். பாரபாசாரஸ், கோட்டாசாரஸ் என்ற பெரிய தாவரத்தின்னி டைனோசார்கள் அங்கிருந்து வந்தவை. கோட்டாசாரஸின் எலும்புக்கூட்டை ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 1974இல் அதே படிவுகளிலிருந்து ஒரு டெரோசாரும் இந்தியாவின் பெயரோடு அறிவிக்கப்பட்டது. கிடைத்ததோ சில துண்டு எலும்புகள். அவை டெரோசாருடையவைதானா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகம் எழுப்பிவிட்டார்கள். அதனால் அதைப் பிள்ளைகளுக்கு நிச்சயமான செய்தியாக நான் சொல்வதில்லை.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?

திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள், கல்லாகிப் படுத்துக்கிடக்கின்றன. 1781இலேயே சொன்னராட் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கியது. ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது, போகும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூரின் பெயரால் அழைக்கப்படும் கடல் படிவுகள் இன்னும் பழையவை, ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. சிப்பியும் சுருள் ஓட்டு அம்மோனைட்டும் நிறைந்தவை. 1840களில் கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் சேகரித்துக் கொடுத்ததை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1846இல் விவரித்தார். இன்று அங்கே பெரும்பாலும் வயல்தான், போய்ப் பார்க்கும்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை. ஆகவே முதலில் திருவக்கரையே போங்கள்.

காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. ஒரு லென்சும் தண்ணீர் பாட்டிலும் போதும். படுத்துக்கிடக்கும் மரத்தின் வெட்டு முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து லென்சை வைத்தால், மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய குழாய்களின் வாய் புள்ளி புள்ளியாகத் தெரியும். சென்ற முறை எங்களோடு வந்த பிள்ளைகளில் மூன்று பேர் அந்த ஒரு இடத்தை விட்டு அரை மணி நேரம் நகரவில்லை.